அசையும் உறுப்புகள் மூன்று

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் முக்கியமாக அசையும் உறுப்புகள் மூன்றே மூன்று: பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் ஷாஃப்ட். வால்வு கிடையாது, கேம் கிடையாது, டைமிங் செயின் கிடையாது. இதைவிட எளிமையான எஞ்சின் இல்லை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அந்த மூன்றும் தேய்ந்துவிட்டால் அப்புறம் வீட்டில் அசையாத பொருளே இருக்காது. பீரோ சாவி அசையும், மனைவியின் நாக்கு அசையும், பாகூரில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மாமனாரின் தலை இடமும் வலமுமாக அசைந்துகொண்டே இருக்கும்.

வில்லியனூரில் எனக்கு ஒரு வீடு, ஒரு மகன், ஒரு மனைவி, ஒரு பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டர் உண்டு. பராமரிப்புச் செலவை வைத்து ஏறுவரிசையில் சொல்லியிருக்கிறேன்.

அந்த சேட்டக் நான் வாங்கியதல்ல. என் தகுதிக்கு நான் எதையும் முதல் கையாக வாங்கியதில்லை. மாமனார் எழுபதுகளில் பதிவு செய்து, எண்பதுகளில் கைக்கு வந்த வண்டி அது. பதிவு செய்தபோது என் மனைவி பிறக்கவில்லை. வண்டி வந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். லைசென்ஸ் ராஜ்ஜியக் காலத்தில் சேட்டக்குக்குப் பத்து வருடம்கூடக் காத்திருந்தவர்கள் உண்டு. அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் வரிசையைத் தாண்டலாம் என்று ஒரு சலுகையும் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தாக்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும் நிறைந்த பூமி எங்கள் புதுச்சேரி. பாரீஸில் இருக்கும் தம்பி பணம் அனுப்ப, மாமனாருக்குப் பின்னால் பதிவு செய்த ஒரு சொல்தா மாமனாருக்கு முன்னால் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாராம். 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் போனதை மாமனார் மன்னித்துவிட்டார். இதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்படித் தவம் கிடந்து வந்த வண்டியை அவர் என்னிடம் ஒப்படைத்தபோது சொன்ன வாசகம் எனக்கு மனப்பாடம். "மாப்ள, என் காலத்துல இந்த எஞ்சின்ல ஒரு நட்டைக்கூடக் கழட்டுனது கிடையாது. அவ்ளோ பத்திரம்." கல்யாணத்தின்போது மகளைப் பற்றி இவ்வளவு விளக்கமாக அவர் எதுவும் சொன்னதில்லை.

அன்றிலிருந்து நான் அந்த வண்டியின் சொந்தக்காரன் இல்லை, காப்பாளன். விற்க முடியாது. மதகடிப்பட்டு மாட்டுச் சந்தையில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வரலாம் என்று ஒரு நண்பர் சொன்ன யோசனைகூட மாமனார் காதுக்குப் போய், ஒரு பொங்கல் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. அந்தப் பொங்கல் நன்றாக இருந்தது என்பது வேறு விஷயம்.

வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. மீட்டரில் ஐந்து இலக்கம்தான். அது ஒருமுறை முழுச் சுற்று முடித்துப் பூஜ்ஜியத்துக்குத் திரும்பியது என்று மாமியாரும், இரண்டு முறை என்று மனைவியும் சொல்கிறார்கள். பிறகு ஒருநாள் மீட்டர் கேபிள் அறுந்தது. அத்துடன் வண்டிக்கு வயது ஏறுவதும் நின்றுவிட்டது என்ற எண்ணத்தில் நான் அதை மாற்றவில்லை.

ஆனால் வயது வேறு வழியில் காட்டிக் கொடுத்தது. முதலில் புகை. மாலையில் நான் தெருவுக்குள் நுழைந்தால், கொம்யூன் பஞ்சாயத்தின் கொசு மருந்து வண்டி வந்துவிட்டது என்று பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வருவார்கள். அடுத்து, இழுவை போயிற்று. புதுச்சேரி தட்டையான நிலம். வில்லியனூரிலிருந்து டவுனுக்குப் போகும் வழியில் எங்களுக்கு வாய்த்த ஒரே மலை அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலம்தான். அதில் ஏறும்போது இரண்டாவது கியர், முதல் கியர், அப்புறம் மனைவி என்ற வரிசையில் இறக்கிக்கொண்டே போக வேண்டியதாயிற்று. அவள் நடந்தே உச்சிக்குப் போய், அங்கே எனக்காகக் காத்திருந்து ஏறிக்கொள்வாள். சில நாள் முகத்தைத் துடைத்து, பூவைச் சரிசெய்து, ரயில் போவதைப் பார்த்து முடித்த பிறகுதான் நான் போய்ச் சேர்வேன்.

பிறகு உதைக்கும் விஷயம். சேட்டக்கை உதைப்பதற்கு முன்னால் ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்த வேண்டும் என்பது இந்தியா முழுக்க எழுதப்படாத சட்டம். நல்ல எஞ்சினாக இருந்தால் கிக்கரில் கால் வைத்ததும் அது எதிர்த்துத் தள்ளும். என்னுடையதோ எந்த எதிர்ப்பும் காட்டாமல் அடிவரை இறங்கிற்று. நான் உதைத்து எதிர்க்காத ஒரே ஜீவன் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். கம்ப்ரஷன் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று பிறகு தெரிந்தது.

இதையெல்லாம் நான் மறைத்தாலும் மாமனார் காதை ஏமாற்ற முடியாது. பாகூர் மூலநாதர் கோயில் பக்கம் நான் திரும்பும்போதே திண்ணையில் இருந்து தீர்ப்பு வந்துவிடும். "மாப்ள, பிஸ்டன் தட்டுது." வாங்க என்பது அதற்கு அப்புறம்தான். காபி அதற்கும் அப்புறம்.

ராணா பிரதாப்பின் குதிரைக்கு சேட்டக் என்று பெயர். 1576-ல் ஹல்திகாட்டிப் போரில் காலில் பட்ட காயத்தோடு எசமானைச் சுமந்துகொண்டு ஓடையைத் தாண்டி, அவரை அக்கரையில் பத்திரமாகச் சேர்த்த பிறகே அது உயிரை விட்டது என்று ராஜஸ்தானத்துக் கதை சொல்கிறது. அந்தப் பெயரைத்தான் 1972-ல் இந்த ஸ்கூட்டருக்கு வைத்தார்கள். என் சேட்டக்கும் ஒருநாள் ஒரு வாய்க்காலுக்கு வந்தது. பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால். அக்கரை வரை போகும் எண்ணமே இல்லாமல், இக்கரையிலேயே ஒரு அலறல் அலறிவிட்டுப் பின்சக்கரத்தை இறுக்கிக்கொண்டது. நான், மனைவி, மாமியாருக்காக வாங்கிய ஆப்பிள் மூவரும் தனித்தனியே இறங்கினோம். வண்டி மட்டும் ஸ்டாண்டு போடாமலேயே நின்றது.

"பிடிச்சிருச்சு" என்றார் வயலில் இருந்து எட்டிப் பார்த்த ஒருவர். எஞ்சின் சீஸ் ஆவதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. சூடு கண்டால் அலுமினியம் அதிகமாக விரியும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலம் வறண்டால் அலுமினியம் இரும்பைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். விட மாட்டேன் என்று நிற்கும்.

மீதி தூரம் தள்ளினேன். அன்று திண்ணையில் இருந்து மாமனாரின் தீர்ப்பு வரவில்லை. சத்தமே இல்லாமல் வண்டி வந்ததால் நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை. கையில் நசுங்கிய ஆப்பிளோடு மகள் முன்னால் வந்ததைப் பார்த்துத்தான் விஷயத்தைப் புரிந்துகொண்டார். "என் காலத்துல" என்று ஆரம்பித்தார். நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

குட்டி யானை வைத்து வண்டியை வில்லியனூருக்குக் கொண்டுவந்து சுல்தான்பேட்டைப் பக்கம் உள்ள மெக்கானிக் பாயின் பட்டறையில் இறக்கினேன். அவர் கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்தார், புகைபோக்கிக்குள் விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தார், பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார், ஆக்ஸிலேட்டரை விட்டாலும் வண்டி தானா அலறியிருக்குமே?" ஆமாம் என்றேன். "அப்பவே கொண்டாந்திருக்கணும்."

டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்பதை அன்றுதான் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். கையில் ஒரு பழைய பிஸ்டன். வாயில் ஒரு தேநீர் டம்ளர். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் நம் அரசு அலுவலகம் மாதிரி. காற்றை இழுக்க ஒரு தடவை, அழுத்த ஒரு தடவை, எரிக்க ஒரு தடவை, வெளியே தள்ள ஒரு தடவை என்று ஒவ்வொன்றும் தனித்தனி மேசை. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் மேலே போகும்போதே மேல்தட்டில் அழுத்தமும் கீழே கிராங்க் அறையில் அடுத்த வேளைக்கான கொள்முதலும் ஒன்றாக நடக்கும். கீழே இறங்கும்போது பழையது வெளியேறும், புதியது உள்ளே நுழையும். எங்கள் வீட்டுச் சமையலறையில் நான் அன்றாடம் பார்க்கும் காட்சிதான். பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து ஊற்றுவதற்குக் காரணமும் இதுதான். கிராங்க் அறையில் எண்ணெய் தேங்க வழியில்லை. லிட்டருக்கு இருபது மில்லி டூ-டி ஆயில் பெட்ரோலோடு போய், போகிற போக்கில் மூன்று உறுப்புகளுக்கும் தடவிவிட்டு, மேலே போய் எரிந்து, புகையாக வெளியேறுகிறது. ஒரு பங்கு பெட்ரோல் எரியாமலேயே வெளியே ஓடிவிடும். அதனால்தான் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக டூ ஸ்ட்ரோக் ஒவ்வொன்றாக ஊரை விட்டுப் போயிற்று.

இதில் கிராங்க் அறை காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். அதற்காக இரண்டு பக்கமும் ரப்பர் ஆயில் சீல்கள் உண்டு. மேக்னெட் பக்கத்துச் சீல் வறண்டு வெடித்தால் வெளிக்காற்று உள்ளே வரும். கலவையில் காற்று கூடும், எண்ணெய் குறையும், சூடு ஏறும், எஞ்சின் அலறும், கடைசியில் பங்காரு வாய்க்கால் வரும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் பாக்ஸ் ஆயிலை எஞ்சின் உறிஞ்சி எரித்துப் புகைவிடும். என் வண்டியில் இரண்டும் போயிருந்தன. முப்பது ரூபாய், நாற்பது ரூபாய் சமாசாரம் என்றார் பாய். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அவற்றை மாற்ற எஞ்சினை முழுசாக இறக்கி இரண்டாகப் பிளக்க வேண்டும் என்று அடுத்த வாக்கியத்தில் சொன்னார்.

பிளந்தார். நான் டார்ச் பிடித்தேன். எந்த வேலையிலும் குடும்பஸ்தனுக்கு ஒதுக்கப்படும் பதவி அதுதான். மேக்னெட்டை அதற்கான புல்லர் போட்டுக் கழற்றினார். ஹெட்டின் நாலு நட்டுகளையும் எடுத்தார். சிலிண்டரை உருவியதும் "இங்க நகத்தை வெச்சுப் பாருங்க" என்றார். சிலிண்டரின் மேல்விளிம்பில் ரிங் திரும்பும் இடத்தில் நகம் தட்டிற்று. ரிங்குகள் ஓடி ஓடி அங்கே ஒரு படியே வெட்டியிருந்தன. துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்தில் இருந்தது. கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். 'டக்' என்றது. பக்கவாட்டில் ஆடலாமாம். மேல்கீழாக ஆடக் கூடாதாம். மூன்று உறுப்பில் மூன்றும் போயாயிற்று.

அப்புறம்தான் அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. பிஸ்டன் தலையில் படிந்திருந்த கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். துணியில் பெட்ரோல் தொட்டுத் துடைத்தார். டார்ச்சை என் கையோடு சேர்த்துத் தன் பக்கம் இழுத்தார். கரிக்கு அடியில் ஓர் அம்புக்குறி, பக்கத்தில் 0.50 என்று பொறித்திருந்தது.

"சார், இது ஏற்கெனவே போர் அடிச்ச எஞ்சின்."

வாசகர்கள் இதன் முக்கியத்துவத்தை உணர வேண்டும். சேட்டக் எஞ்சினின் பிறவி அளவு 57 மில்லிமீட்டர் துளை, 57 மில்லிமீட்டர் ஓட்டம், 145.45 சி.சி. சிலிண்டர் தேய்ந்தால் லேத்தில் கொடுத்துச் சற்றே அகலமாகக் குடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். கால் மில்லிமீட்டர், அரை, முக்கால், ஒன்று என்று படிப்படியாக வரும். அந்த அளவைப் பிஸ்டன் தலையிலேயே பொறித்திருப்பார்கள். இந்த வண்டிக்கு இதுவரை சொந்தக்காரர்கள் இரண்டே பேர். நான் போர் அடிக்கவில்லை. அப்படியென்றால் "ஒரு நட்டைக்கூடக் கழட்டுனது கிடையாது" என்று இத்தனை ஆண்டுகளாக என் தலையில் ஏறி உட்கார்ந்திருந்த வாசகத்தின் கதி என்ன?

அந்தப் பிஸ்டனை நான் பாயிடம் விடவில்லை. செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனேன். பூஜை அலமாரியில் வைக்கலாமா என்று யோசித்தேன். மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இதை வெச்சுட்டு எங்கப்பாகிட்ட எதையாவது பேசுனீங்க..." என்று வாக்கியத்தைப் பாதியில் விட்டாள்.

இதற்கிடையில் கிராங்க்கை பிரஸ் வைத்திருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பழைய கிராங்க் பின்னை அழுத்தி வெளியே எடுத்து, புதிய ராடும் பேரிங்கும் ஏற்றி, இரண்டு மையங்களுக்கு நடுவே சுழலவிட்டு, டயல் கேஜ் முள் ஆடாத வரை செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்கும் வேலை அது. விழுப்புரத்தில் ஒரு கைராசிக்காரர் இருக்கிறார் என்றார்கள். கிராங்க்கைப் பழைய துணியில் பத்திரமாகச் சுற்றி, மஞ்சள் பையில் போட்டு, பஸ் ஏறினேன். வில்லியனூரிலிருந்து விழுப்புரம் போகும் வழியில் புதுச்சேரி முடியும், கண்டமங்கலத்தில் தமிழ்நாடு வரும், திருபுவனையில் மறுபடி புதுச்சேரி வரும், மதகடிப்பட்டு தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன வரைபடம் அப்படி. எங்கள் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறவன் கையில் கனமான பை இருந்தால் அதற்குள் இருப்பது பாட்டில்தான் என்பது எல்லைக் காவலர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

"பையில இன்னா?"

"கிராங்க் சார்."

அந்தப் பெயரில் ஒரு பிராந்தி வந்திருக்கிறதோ என்ற சந்தேகம் அவர் முகத்தில் தெரிந்தது. துணியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார். பஸ்ஸே எட்டிப் பார்த்தது. உள்ளே எண்ணெய் வழிய, குழந்தையாகப் படுத்திருந்தது கிராங்க். அவர் விரலெல்லாம் கரி. துடைத்துக்கொள்ள அந்தத் துணியையே கொடுத்தேன். "சேட்டக்கா?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது. அவர் அப்பாவிடமும் ஒன்று இருந்ததாம். "இன்னும் வெச்சிருக்கீங்களா, காயலான் கடைல போட வேண்டியதுதானே" என்று பரிவோடு கேட்டுவிட்டு இறங்கினார். பாட்டில் கடத்தியிருந்தால் அபராதத்தோடு போயிருக்கும். இந்த அறிவுரையோ இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை.

உதிரிபாகங்களுக்கு நான் பயந்த அளவு கஷ்டமில்லை. பஜாஜின் பழைய டூ ஸ்ட்ரோக் ஆட்டோவிலும் இதே 145.45 சி.சி. அளவு எஞ்சின் இருந்ததால், ஆட்டோ சாமான் விற்கும் கடைகளில் இன்னும் பலதும் கிடைக்கிறது. சோக் குமிழ் ஒன்று மட்டும் பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், பழைய பூட்டுகளுக்கும் பிரெஞ்சு ஸ்பூன்களுக்கும் நடுவே அகப்பட்டது. லேத்தில்தான் சிக்கல். முக்கால் மில்லிமீட்டருக்குக் குடைந்தும் சீஸ் ஆன கீறல் மறையவில்லை. முழுசாக ஒரு மில்லிமீட்டர் எடுக்க வேண்டியதாயிற்று. துளை இப்போது 58. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 150.6 சி.சி. தேய்மானத்தாலேயே என் வண்டி ஐந்து சி.சி. வளர்ந்திருக்கிறது என்று மகனிடம் பெருமையாகச் சொன்னேன். "இதோட கடைசி சார். இதுக்கு மேல சிலிண்டரையே மாத்தணும்" என்று பாய் சொன்னதை நான் அவனிடம் சொல்லவில்லை.

சைலன்சர் என் பொறுப்பு என்று பாய் ஒதுக்கிவிட்டார். அந்த மூடிய டப்பாவுக்குள் முப்பது நாற்பது ஆண்டுக் கரி குடியிருந்தது. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து உள்ளே ஊற்றி ஊறவிட வேண்டும். நான் தோட்டத்துக்கு அலுமினிய அண்டாவை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்து மனைவி ஓடி வந்தாள். அவள் பத்தாம் வகுப்புக்கு வேதியியல் எடுப்பவள். காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைத்து ஹைட்ரஜனை வெளியேற்றும் என்ற பாடத்தை எனக்கு அண்டாவைப் பிடுங்கிக்கொண்டே நடத்தினாள். பிளாஸ்டிக் வாளியில் கரைத்தோம். மறுநாள் வெளியே வந்த கறுப்புக் குழம்பு எங்கே ஓடியது என்பதைக் கறிவேப்பிலைச் செடி இருந்த இடம் சொல்லும்.

வெஸ்பா ஸ்கூட்டரை உருவாக்கிய கொரடினோ தஸ்கானியோ அடிப்படையில் விமானப் பொறியாளர், ஹெலிகாப்டர்க்காரர். அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காதாம். செயின் அழுக்கும் எண்ணெயும் உடையில் படக் கூடாது, பாவாடை கட்டியவர்களும் ஏறி உட்கார வேண்டும் என்பதற்காகவே எஞ்சினை மூடி, பின்சக்கரத்தோடு சேர்த்து வைத்து, 1946-ல் வெஸ்பாவைக் கொண்டுவந்தார். அந்த வெஸ்பாவின் வம்சம்தான் சேட்டக். அவர் வில்லியனூருக்கு வந்து கொடியில் தொங்கும் என் வேட்டிகளைப் பார்த்திருந்தால் ஹெலிகாப்டருக்கே திரும்பியிருப்பார்.

எஞ்சின் இன்னும் பட்டறையில் கிடக்க, வண்டியின் கூடு எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நிற்க, வில்லியனூர் தேர் வந்துவிட்டது. திருக்காமீஸ்வரர் கோயில் தேருக்கு வடம் பிடிக்க பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே கவர்னர் வருவது வழக்கம். இப்போது துணைநிலை ஆளுநர் வருகிறார். கூடவே என் மாமனாரும் வருகிறார். ஆளுநருக்கு நான் பயப்படுவதில்லை.

மாமனார் முதலில் கூட்டைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் செய்தார். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் இருந்த வெற்றிடத்தைக் குனிந்து பார்த்தார். பெருமூச்சு விட்டார். "என் காலத்துல இந்த எஞ்சின்ல..." என்று தொடங்கினார்.

நான் உள்ளே போய்ப் பிஸ்டனைக் கொண்டுவந்து, அவர் மடியில் வைத்தேன். தாம்பூலத் தட்டில்தான் வைத்துக் கொடுத்தேன். மரியாதை குறையக் கூடாது. அவர் கண்ணாடியை மாட்டினார். தூரத்தில் தேர் கிளம்பிய சத்தம் கேட்டது. 0.50 என்ற எண்ணை விரலால் தடவிப் பார்த்தார். மாமியார் எட்டிப் பார்த்தார். மனைவி என்னை முறைத்தாள். மகன் போனில் படம் எடுத்தான்.

"இது" என்றார் மாமனார், சற்று யோசித்து, "கம்பெனியிலேயே போட்டு அனுப்பினது. பத்து வருஷம் காத்திருந்தவங்களுக்குப் பெரிசாப் போட்டுக் குடுத்தாங்க."

"அந்த சொல்தா வண்டிக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"அவனுக்குச் சின்னது" என்றார் உறுதியாக.

மாமியார் மட்டும் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "நம்ம பெரியவ சடங்குக்கு முன்னாடி ஒரு மாசம் பஸ்ல போயிட்டு வந்தீங்களே, அப்ப வண்டி எங்க இருந்துச்சு?" என்றார். தேர் பார்க்க நேரமாகிறது என்று மாமனார் உடனே எழுந்துவிட்டார். அன்று அவர் வடம் பிடித்த வேகத்தை நான் வேறு எந்த ஆண்டும் கண்டதில்லை.

மகனுக்கு இந்த வழக்கில் அக்கறை இல்லை. அவன் கட்சி வேறு. 2020 முதல் சேட்டக் என்ற அதே பெயரில் மின்சார ஸ்கூட்டர் வருகிறது. சத்தம் இல்லை, புகை இல்லை, மேம்பாலத்தில் அம்மா இறங்க வேண்டியதில்லை. "அப்பா, உங்க எஞ்சின்ல அசையறது மூணு. அந்த மோட்டார்ல அசையறது ஒண்ணே ஒண்ணு, ரோட்டார்" என்றான். உண்மைதான். மூன்று இருந்தபோதே இந்த வீட்டில் எனக்குக் கிடைத்தது டார்ச் பிடிக்கும் வேலை. ஒன்றாகக் குறைந்தால் அதுவும் போய்விடும் என்பதை அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? பழைய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க 2022 ஏப்ரலில் இரு சக்கர வாகனத்துக்கு முந்நூறு ரூபாய் ஆயிரமாக ஆனதையும் அவன் எடுத்துச் சொன்னான். அரசாங்கமே மரியாதையை உயர்த்தியிருக்கிறது பார் என்றேன்.

ஒருவழியாக எஞ்சின் கூடிற்று. அம்புக்குறி புகைபோக்கித் துவாரத்தைப் பார்த்து இருக்கும்படி பிஸ்டனை வைத்தார் பாய். ரிங் வாய்கள் பள்ளத்தில் இருக்கும் சின்ன ஆணிக்கு நேராக உட்கார வேண்டும். இல்லாவிட்டால் வாய் போய்த் துவாரத்தில் மாட்டி உடையும். புது சீல், புது பேரிங், கிளட்சுக்குப் புது கார்க் பிளேட். பாயின்ட் கேப் வைத்தார். "உதைங்க சார்" என்றார். கிக்கரில் காலை வைத்தேன். அது என்னைத் திருப்பி உதைத்தது. முழங்கால் வரை வலித்தது. கம்ப்ரஷன் வந்துவிட்டது என்று பாய் கைதட்டினார். அடுத்த உதையில் எஞ்சின் பிடித்து, ஒட்டியிருந்த எண்ணெயெல்லாம் எரிந்து, பட்டறை முழுக்கப் புகை சூழ்ந்தது. புகைக்குள் இருந்து பாயின் குரல் மட்டும் வந்தது. "இது புதுப் புகை சார். ரெண்டு நாள்ல நின்னுடும்."

செலவுக் கணக்கை இங்கே எழுதப் போவதில்லை. மனைவியும் பத்திரிகை படிப்பவள். அந்தப் பணத்துக்கு ஓடும் நிலையில் இன்னொரு சேட்டக்கே வாங்கியிருக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன். ஆனால் அதன் பிஸ்டன் தலையில் என்ன எழுதியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

இப்போது வண்டி ரன்னிங்-இன்னில் இருக்கிறது. புது ரிங்குகள் புதுச் சுவரோடு பழகி உட்காரும்வரை முதல் 500 கிலோமீட்டர் நாற்பதைத் தாண்டக் கூடாது, முறுக்கக் கூடாது, ஒரே வேகத்திலும் நெடுநேரம் போகக் கூடாது, லிட்டருக்கு நாற்பது மில்லி ஆயில், முடிந்தவரை பின்னால் ஆள் ஏற்றக் கூடாது என்பது பாயின் உத்தரவு. கடைசி விதியைக் கேட்டதும் மனைவி பஸ் பாஸ் பற்றி விசாரித்தாள். மீட்டர் கேபிள் புதிதாகப் போட்டாயிற்று. நாற்பது என்பது எவ்வளவு மெதுவான வேகம் என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது. சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் என்னை முந்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஆகவே, வில்லியனூரிலிருந்து பாகூர் போகும் சாலையில் எனக்குப் பின்னால் வரும் டெம்போ, டிராக்டர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து ஹாரன் அடிக்காதீர்கள். வலது பக்கம் இடம் இருக்கிறது, தாராளமாக முந்திப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை பாகூர்த் திண்ணையில் ஒரு பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் கேட்டால், மாப்பிள்ளை வண்டி நன்றாகவே ஓடுகிறது, வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.